சுரணை

ஜூன் 12, திங்கள்

மூன்று மணிக்குக் கடைக்குப் போன அப்பா ஐந்து மணிக்கெல்லாம் திரும்பி வந்திருக்கிறார். மெடிக்கலில் வேலை முடிந்து ஆறரைக்கு நான் வந்தபோது வேட்டிகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பரோட்டா மாஸ்டர் சாயங்காலம் வீட்டில் இருப்பது என்றால் ஊரில் யாரோ செத்திருக்க வேண்டும். அம்மா இறந்த வருடம் பார்த்தது.

"காய்ச்சலாப்பா?"

"இல்லத்தா. கல்லு ரிப்பேரு."

பரோட்டாக் கல் ஒரு இரும்புப் பலகை. அதில் ரிப்பேர் ஆக என்ன இருக்கிறது? கேட்பதற்குள் குழாயில் தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

கடையில் சால்னா போடுகிற சோலையப்பன் மாமா கேஸ் மாத்திரை வாங்க வந்தார். வாங்கிய பிறகும் போகாமல் கண்ணாடிப் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஒங்கப்பன் ஒண்ணும் சொல்லலியாத்தா?"

பிறகு அவரே சொன்னார். உணவகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு உடல்தகுதிச் சான்று வேண்டுமென்று வியாபாரிகள் சங்கம் நேற்று ஒரு முகாம் நடத்தியிருக்கிறது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் அப்பாவின் வலது கையைப் பார்த்திருக்கிறான். அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிவிட்டன. மூன்று வருடமாக அப்படித்தான். வலி கிடையாது. மாவு பிசைந்து பிசைந்து அப்படி ஆகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவன் பேனாவின் முனையால் உள்ளங்கையில் குத்தி, "சுரணை இருக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

"நாந்தான்த்தா வாயக் கொடுத்தேன். 'சீனியண்ணனுக்குச் சுரணையா? மொதலாளி இருவது வருசமா வையிறாரு, ஒருநா மூஞ்சி சுருங்குனதில்ல சார்'னேன். வரிசையில நின்ன பூராப் பேரும் சிரிச்சானுங்க. ஒங்கப்பனும் சேந்துக்கிட்டு, 'அதெல்லாம் எப்பவோ போச்சு சார், கொதிக்கிற கல்லுல கை வச்சாக்கூடத் தெரியாது'ன்னாரு. அந்தாளு மட்டும் சிரிக்கல. எழுதிட்டான்."

எழுதியது இது: வலது உள்ளங்கையில் சுரணை இல்லை. விரல்கள் மடங்கியுள்ளன. தொழுநோயா எனப் பார்க்கவும்.

அந்தத் தாள் அப்பாவிடம் வரவில்லை. நேராக முதலாளி கைக்குப் போயிருக்கிறது.

மாமா மாத்திரையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 15, வியாழன்

இரண்டு நாளாகப் படித்தேன். தொழுநோய் தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. மருந்து எடுக்காத நோயாளியோடு பல மாதம் நெருங்கி இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வராது. அரசாங்கம் மாத்திரையை இலவசமாகத் தருகிறது. சாப்பிட்டால் குணமாகிவிடும். இவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியே போட்டிருக்கிறான். அந்தச் சுவரை ஒட்டி நின்று மூத்திரம் பெய்கிற ஊர் இது, எவன் வாசிப்பான்?

சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரித்தா" என்றார். சோற்றை மூன்று விரலால் எடுத்துச் சாப்பிட்டார். மடங்கிய இரண்டு விரலும் எப்போதும் முகத்தில் இடிக்கும். இன்று முதல்முறையாகக் கையைச் சாய்த்து அவற்றை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வரும்போது வேப்பெண்ணெய் சோப்பு ஒன்று வாங்கி வந்தேன். அப்பாவுக்குத் தனியாக. அவருக்கு அந்த வாசனை பிடிக்கும்.

ஜூன் 18, ஞாயிறு

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எனக்குக் கண்ணாடி கிளாஸ். அப்பாவுக்குப் பேப்பர் கப். பக்கத்தில் நின்ற நான்கு பேர் கையிலும் கண்ணாடி கிளாஸ்.

"எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் இது?" என்றேன்.

"கிளாசு கழுவப் போட்டுருக்குமா."

"அடுக்கி வச்சிருக்கியே, அது என்ன? கண்ணு அவிஞ்சு போச்சா?"

நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு காலத்தில் இரண்டு கிளாஸ் வைத்திருந்த ஊர். இப்போது பேப்பரில் வந்திருக்கிறது. அப்பா என் முந்தானையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல், "வாத்தா, வாத்தா" என்று நடந்தார். வழியில், "கப்பு நல்லாத்தான் இருக்கு. குடிச்சமா கசக்கிப் போட்டமான்னு" என்றார். எனக்கு அழுகையாக வந்தது.

பாத்திரக் கடைக்குப் போனோம். வீட்டில் அப்பாவின் தட்டு ஒடுங்கியிருக்கிறது. புதிதாக ஒரு தட்டும் டம்ளரும் எடுத்தேன். பேர் வெட்டச் சொன்னேன்.

"எம் பேரு எதுக்குத்தா? வீட்ல இருக்கிறது ரெண்டு பேரு" என்றார் அப்பா.

புதுப் பாத்திரம் என்றால் பேர் வெட்டுவதுதானே.

ஜூன் 21, புதன்

தட்டை அவரே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். நான் சொல்லவில்லை.

ஜூன் 27, செவ்வாய்

மதுரைக்குப் போனோம். தோல் டாக்டரைப் பார்க்க ஒரே கூட்டம். காலில் துணி சுற்றியிருந்த ஒரு அம்மா பெஞ்சில் தன் பையை வைத்து எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். சாயல்குடிப் பக்கமாம். விடியற்காலை கிளம்பி வந்தாராம். அப்பாவும் அவரும் மழையில்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் விரல், உள்ளங்கை, புறங்கை என்று மாற்றி மாற்றித் தொட்டார். அப்பா ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னார். காய்ப்பு ஏறிய இரண்டு இடத்தில் மட்டும் தடுமாறினார். முழங்கையில் நரம்பை உருட்டிப் பார்த்த டாக்டர் சிரித்தார்.

"கல்லுல கை வப்பேன்னு பெரும பேசுனீங்களாய்யா?"

"ஆமா டாக்டர். வாய்க்கொழுப்பு."

"ஒங்களுக்கு உணர்ச்சியெல்லாம் நல்லாவே இருக்கு. இது அது இல்ல. கை டாக்டரப் பாருங்க." தொழுநோய் இல்லை என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. "குஷ்டம் இல்லயாம்ப்பா! நல்லவேளை, குஷ்டம் இல்லயாம்!" என்று கத்திவிட்டேன். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. இடம் பிடித்துக் கொடுத்த அம்மா பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார். அவர் முறை வந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் அப்பா, திருமங்கலம் தாண்டியதும், "அந்தப் பொம்பளகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கலாம்" என்றார்.

ஜூலை 1, சனி

கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே முதலாளியிடம் போனேன். ராஜாமணி அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்தார்.

"நான் நம்புறேம்மா. சாப்புட வர்றவன் லெட்டரப் படிச்சிட்டா வருவான்? கல்லு ரோட்டப் பாத்துல்ல கெடக்கு. அந்தக் கைய எல்லாரும் பாப்பான்."

"இருவது வருசமா அந்தக் கையால போட்டதத்தான அண்ணாச்சி நீங்களும் சாப்பிட்டீங்க?"

"அதாம்மா பயமா இருக்கு."

கடையிலேயே காறித் துப்பியிருப்பேன். அப்பாவுக்கு அந்தக் கல் வேண்டும். ஐம்பத்தாறு வயதில், சர்க்கரை வியாதியோடு, வேறு எந்தக் கல்லுக்கு முன்னால் போய் நிற்பார்? நின்றேன்.

"கை நிமிந்துச்சுன்னா வரச் சொல்லு. தீபாவளி வரைக்கும் வேற மாஸ்டர் போட மாட்டேன். அன்னன்னைக்கு ஆள் வச்சு ஓட்டிக்கிறேன். இது என் வாக்கு" என்றார்.

விரல் நிமிர்ந்தால் மனிதன், மடங்கினால் நோய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அண்ணாச்சி கொடுத்த வாக்கை மட்டும் சொன்னேன்.

ஜூலை 10, திங்கள்

கை டாக்டர். சின்ன வயது. அப்பாவின் கையை மேசைமேல் குப்புற வைக்கச் சொன்னார். உள்ளங்கை படியவில்லை. அடியில் ஒரு பேனாவை உருட்டிவிட்டார். அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"தோலுக்குக் கீழ ஒரு சவ்வு இருக்குய்யா. அது தடிச்சு, கயிறாட்டம் திரண்டு, வெரல இழுக்குது. வெரல மடக்குற நரம்பு நல்லாத்தான் இருக்கு. யாருக்கும் ஒட்டாது. டுபுயிட்ரன்னு பேரு."

"டுப்புத் தொரையா?"

"கண்டுபிடிச்சவர் பேரு."

"தொர பேருல வந்திருக்கு. அப்ப மரியாதையான நோயிதான்" என்றார் அப்பா. டாக்டரும் நர்சும் சிரித்தார்கள்.

பரோட்டாவால் வந்ததா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதாம். சர்க்கரை இருந்தால் வரலாமாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அப்பா கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கய்யாவுக்கு ரெண்டு கையிலயும் இருந்துச்சு. பெருவியாதின்னு ஊருல சொன்னாங்க. மாட்டுக் கொட்டத்துல படுக்க வச்சிருந்தோம். நாந்தான் சோறு கொண்டு போவேன். எட்டி நின்னு வச்சிட்டு ஓடியாந்துருவேன்." பிறகு, "இதுதானா அது?" என்று கேட்டார்.

டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி பார்க்கத் தொடங்கினார். அந்தக் காலத்து ஜனங்கள். படிப்பு கிடையாது.

ஆபரேஷன் ஆகஸ்ட் 3.

ஆகஸ்ட் 3, வியாழன்

கையை மட்டும் மரக்க வைத்துச் செய்தார்கள். ஒன்றேமுக்கால் மணி நேரம். வெளியே கொண்டுவந்தபோது அப்பா விழித்திருந்தார். "தோள்ல இருந்து ஒண்ணுமே தெரியலத்தா. இப்ப வரச் சொல்லு அந்த வெள்ளக் கோட்ட. எழுதட்டும்."

சிரித்தேன். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் காகிதத்தில் வைத்தேன். இடது கையால் எடுத்துச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

தையல் பிரித்தார்கள். உள்ளங்கையில் இருந்து சுண்டு விரல் வரை தழும்பு மின்னல் மாதிரி வளைந்து வளைந்து போகிறது. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் கை மேசையில் படிகிறது! சுண்டு விரலில் மட்டும் கொஞ்சம் வளைவு. அப்பா மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார்.

பிசியோதெரபி பார்க்கிற ஜெபராணி மேடம் மூன்று விஷயம் சொன்னார். தூங்கும்போது விரலை நிமிர்த்திப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டையைக் கட்ட வேண்டும். விரல்களை மடக்கி நீட்டிப் பழக வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமாம். புண் காய்ந்ததும் தினம் மூன்று வேளை, பத்துப் பத்து நிமிடம், தேங்காய் எண்ணெய் போட்டுத் தழும்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு விரலையும் பிடித்து மெதுவாக நிமிர்த்த வேண்டும். விட்டுவிட்டால் தழும்பே இறுகி மறுபடி இழுத்துவிடுமாம்.

"ஒத்தக் கையால அவருக்கு ஒழுங்கா வராது. வீட்ல யாரு செய்வா?"

"எம் மக" என்றார் அப்பா.

மேடம் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

புண் காய்ந்துவிட்டது என்கிறார் அப்பா. எனக்கு ஓரத்தில் ஈரமாகத் தெரிந்தது. இரண்டு நாள் பொறுக்கலாம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மெடிக்கலில் ஸ்டாக் எடுத்தோம். நான் வருவதற்குள் அவரே தேய்த்து முடித்திருந்தார்.

ஆகஸ்ட் 30, புதன்

காலையில் எண்ணெயை இளஞ்சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தேன். கையை மல்லாத்தி நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நாளெல்லாம் மாத்திரை அட்டையை வெட்டுகிற கை என்னுடையது. என்னென்ன மருந்துத் தூள் நகக்கண்ணில் இருக்குமோ, புதுத் தழும்பில் படக் கூடாது. சொன்னேன்.

"அதுவும் சரித்தான்" என்று இடது கட்டைவிரலால் அவரே தேய்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

டீக்கடைப் பேப்பர் கப் பற்றிக் கலெக்டருக்கு மனு எழுதினேன். இரண்டு பக்கம். பிழை வரக்கூடாதென்று மூன்று தடவை திருப்பி எழுதினேன். விட மாட்டேன் இந்த ஊரை. எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 10, ஞாயிறு

அப்பா ஈரத் துண்டைத் தரையில் விரித்து, இரண்டு கையாலும் எடுத்து, மாவு வீசுவது போல வீசினார். சுவரெல்லாம் தண்ணீர். "வருதுத்தா! பாரு, வருது!" அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

சோலையப்பன் மாமா வந்தார். வந்ததும் அப்பாவின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "என் நாக்க அறுக்கணும்ணே" என்று அழுதார். "போடா, நீ சொல்லாட்டாலும் நானே சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா. அண்ணாச்சி தினமும் விசாரிக்கிறாராம். கூலிக்கு வருகிறவன் போடுகிற பரோட்டா செருப்புத் தோல் மாதிரி இருக்கிறதாம்.

அரை மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு நேரமும் மாமா அந்தக் கையை விடவில்லை. தழும்பின் மேல் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். உலை வைத்திருந்தேன்.

செப்டம்பர் 18, திங்கள்

கட்டில் சட்டத்தின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, உடம்பின் எடையெல்லாம் கொடுத்து அழுத்துகிறார். வலிக்கிறது போல. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

சுண்டு விரல் தூக்குகிறது. அப்பா சாப்பாட்டுப் பலகையில் கையைக் குப்புற வைத்துப் பார்த்தார். அடியில் வெளிச்சம் தெரிந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாளையில் இருந்து எப்படியும் தொடங்க வேண்டும்.

செப்டம்பர் 27, புதன்

மீலாடி நபி லீவு நாளைக்குத்தான். அதனால் இன்று மெடிக்கலில் கூட்டம்.

அக்டோபர் 5, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஜெபராணி மேடம் அப்பாவின் கையை மேசைமேல் வைத்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் மேலே நின்றன. மேடம் திருப்பித் தழும்பை அழுத்தினார்.

"கட்டையாட்டம் இறுகிக் கெடக்கே. பட்டை கட்டுறீங்களா?"

"கட்டுறேன் மேடம்."

"தேய்ச்சு விடுறது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "எம் மகதான். மூணு வேளையும். வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு, மத்தியானம் இதுக்குன்னே வீட்டுக்கு ஓடி வந்து ஒண்ணு, வந்ததும் ஒண்ணு. ஒரு நாள் விட்டதில்ல மேடம்."

இவ்வளவு நீளமாக அப்பா யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

"அப்படிச் செஞ்சா இப்படி ஆகாதே" என்று மேடம் என் பக்கம் எண்ணெய்ப் புட்டியைத் தள்ளினார். "என் முன்னால ஒருக்கா செய்ங்க. எங்க தப்புன்னு பாத்துருவோம்."

எண்ணெயை ஊற்றினேன். அதிகமாக ஊற்றிவிட்டேன். அப்பாவின் கை மல்லாந்து கிடந்தது. எந்த விரலால் அழுத்த வேண்டும், மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்று எனக்குத் தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவரை எங்கேயாவது தொட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். தழும்பு கெட்டியாக, கதகதப்பாக இருந்தது. காய்ப்பெல்லாம் உரிந்து தோல் குழந்தைக்கு இருப்பது போல இருந்தது. அழுத்தியபோது அப்பாவுக்கு வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஒங்களப் பாத்துப் பதறுது. வீட்ல நல்லாச் செய்யும்" என்றார் மேடத்திடம்.

மேடம் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தார்.

"எழுதிக்கிடுங்க மேடம். மக தினமும் செய்யுதுன்னு."

எழுதினார்.

"தீபாவளிக்குள்ள நிமிந்துருமா?" என்று அப்பா கேட்டார்.

"முடியாதுய்யா. இனிமே விடாம செஞ்சா கொஞ்சம் வரும். முழுசா வராது."

"கல்லுக்குப் போறதுன்னா?"

மேடம் முடியாதென்று தலையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார், அவர்தான் மேடத்துக்கு ஆறுதல் சொல்வது போல.

இல்லை, நான் ஒரு நாள்கூடச் செய்யவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஊருக்கே நியாயம் சொன்னவள் நான். தேய்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணெய் என் முழங்கை வரை வழிந்தது. பத்து நிமிடம் தாண்டியும் மேடம் நிறுத்தச் சொல்லவில்லை. வெளியே அடுத்த நோயாளியின் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் விடவில்லை.

அப்பாதான் மெதுவாகக் கையை உருவிக்கொண்டார்.

"போதும்த்தா. போயிக் கை கழுவிக்கோ."